பழங்காசின் அழகை அறிதல்

தோற்றுவாய்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் இன்று இரவும் பகலும் தொழிற்கூடங்கள் இயங்குகின்றன. அங்கு உருவாகும் பொருள்களின் அழகுக்கு ஓர் இலக்கணம் உண்டு. முதற்பொருளும் ஆயிரமாவது பொருளும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். கீறல் ஒன்று தென்படினும் அப்பொருள் கழிக்கப்படும். நம் மாணவர் பலரின் இல்லங்களில் இவ்விலக்கணத்தில் பழகிய கண்கள் உள்ளன. அதே ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு என்னும் ஊரில் 2022ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் அகழாய்வு நடத்தியபோது, கற்கருவிகளோடு ரோமானியச் சாடிகளின் ஓடுகளும் வெளிப்பட்டன. நம் காலடியில் புதைந்து கிடப்பது கையால் செய்யப்பட்ட உலகமாகும். அவ்வுலகின் காசு ஒன்றைத் தொழிற்கூடக் கண்ணால் நோக்கின், அது கழிவுப் பொருளாகவே தோன்றும். பழங்காசு சேகரிக்கப் புகுவோர் முதற்கண் மாற்றிக்கொள்ள வேண்டியது இந்தக் கண்ணையே.

காசு பிறந்த முறை

பழங்காலக் கம்பட்டத்தில், எடையிட்டு நறுக்கிய உலோகத் துண்டைக் கீழச்சின்மேல் வைத்து, மேலச்சைப் பொருத்திச் சம்மட்டியால் அடித்தனர். அடி சற்றே விலகினால் உருவம் ஓரத்திற்கு ஒதுங்கும், விளிம்பு வெடிக்கும், ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் பதியும். இவை பிறவிக் குறைகள். கைமாறிக் கைமாறித் தேய்ந்தது புழக்கம் தந்தது. பச்சையும் கருமையும் படர்ந்தது மண் தந்தது. இம்மூன்றையும் சேகரிப்போர் பிரித்தறிதல் வேண்டும். அழகை மதிப்பிடுங்கால் ஒரு காசை அதன் இனத்துக் காசுகளோடு ஒப்பிடுதலே முறை. இராசராசன் காசைக் கிரேக்கக் காசோடு ஒப்பிட்டுக் குறை கூறுதல், பனையோலையைப் பட்டோடு ஒப்பிடுவது போன்றதாகும்.

இராசராச சோழனின் செப்புக் காசை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் நிற்கும் உருவமும், மறுபுறம் அமர்ந்த உருவமும், அதன் பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்னும் பெயரும் காணப்படும். கையும் காலும் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் அமைந்திருத்தலால், 'சிறுபிள்ளை கிறுக்கியது போல் உள்ளதே' என மாணவர் நகைப்பதுண்டு. உடலமைப்பின் நேர்த்தியை அக்காசில் தேடுதல் பொருந்தாது. இரு உருவங்களும் தகட்டின் நடுவே முழுமையாக வீழ்ந்துள்ளனவா, பெயரின் எழுத்துகள் வெட்டுப்படாமல் நிற்கின்றனவா என்பனவே ஈண்டு நோக்கத்தக்கன. அவ்வாறு அமைந்த காசு நூற்றில் ஒன்றாகக் கிடைக்கும்போதுதான் அந்தக் கோடுகளுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பது புலனாகும்.

இதற்கு மாறானது கரூர்ப் பகுதியில் கிடைத்த 'மாக்கோதை' என்னும் சேரர் வெள்ளிக் காசு. அதில் பக்கவாட்டில் நோக்கும் மனித முகமும், மேலே தமிழ் பிராமி எழுத்துகளும் உள்ளன. ரோமானியக் காசுகளின் சாயல் அம்முகத்தில் உண்டென்பர் அறிஞர். இங்கு மூக்கின் கூர்மையும் எழுத்தின் தெளிவும் மதிப்பை உயர்த்தும். ஒரே நாட்டில் இரு காசுகளுக்கு இரு அளவுகோல்கள் வேண்டப்படுகின்றன.

எழுத்தே அணியாகும் காசுகள்

ஹிஜ்ரி 77ஆம் ஆண்டில் (கி.பி. 696-97) கலீஃபா அப்துல் மலிக், உருவங்களை நீக்கி முற்றிலும் எழுத்தாலான தீனார்களை வெளியிட்டார். அன்று தொட்டு இசுலாமிய அரசுகளின் காசுகளில் எழுத்தே அணியாயிற்று. ஜஹாங்கீரின் இராசிக் காசுகள், திப்பு சுல்தானின் யானைக் காசுகள் போன்ற விலக்குகளும் உள. அவை தனியே எழுதத்தக்கன.

நம் தமிழ்நாட்டில் இவ்வகைக்கு எடுத்துக்காட்டு மதுரை சுல்தான்களின் காசுகள். ஜலாலுதீன் அஹ்சன் ஷா 1335ஆம் ஆண்டளவில் தில்லியினின்று பிரிந்து நிறுவிய அவ்வரசு நாற்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல் நிலவியது. உலகம் சுற்றிய இப்னு பதூதா அவருடைய மகளை மணந்தவர். அக்காசுகள் சிறியன, தடித்தன. அச்சு பெரிது, தகடு சிறிது என்பதால் அரபு வாசகத்தின் ஒரு பகுதியே பல காசுகளில் பதிந்திருக்கும். அரசர் பெயரோ ஆண்டோ தகட்டுக்குள் வீழ்ந்த காசே அவ்வினத்தில் அழகியது. பளபளப்பு மிக்கதும் பெயர் அற்றதுமான காசு, பார்வைக்கு இனிதாயினும், இரண்டாம் இடத்திற்கே உரியது என்பது இக்கட்டுரையாளர் துணிபு.

ஆர்க்காட்டு ரூபாயில் வேறொரு சிக்கல் உண்டு. சென்னையில் ஆங்கிலேயர் அடித்தவற்றில் தாமரைக் குறியும், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அடித்தவற்றில் பிறைக் குறியும் உள்ளன. வெள்ளி தூயதா எனச் சோதித்த சராப்புகள் அவற்றின்மேல் தத்தம் குறிகளைக் குத்தினர். அக்குத்து எழுத்தைச் சிதைப்பின் குறையே. வெற்றிடத்தில் அமைந்ததாயின் வெறுக்க வேண்டியதில்லை.

வெட்டும் துளையும்

1898ஆம் ஆண்டு புதுக்கோட்டைப் பகுதியில் ரோமானியப் பொற்காசுகள் 501 அடங்கிய புதையல் கிடைத்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின்மேல் உளியால் வெட்டு விழுந்திருந்தது. மீண்டும் புழங்காதிருக்கவே வெட்டினர் என்பது ஒரு கருத்து. அழகு ஒன்றே நோக்கமாயின் அவை தள்ளத்தக்கன. ஆனால் ரோமில் இருந்த காசு எதுவும் சொல்லாத செய்தியை அந்த வெட்டு சொல்கிறது. அது தமிழ் மண்ணில் நேர்ந்தது. காசுமாலைக்காக இடப்பட்ட துளையும் இத்தகையதே. விலை குறையலாம், காசு குறைவதில்லை.

நாம் செய்யும் தீங்கு

கம்பட்டமும் புழக்கமும் மண்ணும் தந்த குறைகளைக் கண்டோம். நான்காவது குறை உடையவர் தருவது, அதுவே கொடிது. இக்கட்டுரையாளர் மாணவராயிருந்த நாளில், முதன்முதலாகக் கைக்கு வந்த இராசராசன் காசு ஒன்றைக் குத்துவிளக்கைப் போலவே புளியும் சாம்பலும் இட்டு விளக்கினார். காசு புதுச் செம்பாய் ஒளிர்ந்தது. மகிழ்ந்து நோக்கியபோது பெயரின் கடைசி எழுத்தைக் காணவில்லை. செப்புக் காசின் மேற்பரப்பு பல நூற்றாண்டுகளில் களிம்பாக மாறிவிடுகிறது. எழுத்தின் விளிம்பு பல வேளைகளில் அக்களிம்பில்தான் தங்கியிருக்கிறது. களிம்பைக் கரைத்தால் எழுத்தும் உடன் கரையும்.

இதன் இழப்பு எத்துணைப் பெரிது என்பதற்குப் 'பெருவழுதி' காசே சான்று. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் கண்டறிந்து வெளியிட்ட அச்சிறு சதுரச் செப்புக் காசில் ஒருபுறம் குதிரையும், மறுபுறம் கோட்டுருவ மீனும், சில தமிழ் பிராமி எழுத்துகளும் உள்ளன. கண்ணைக் கவரும் காசு என்று அதனைச் சொல்ல இயலாது. எனினும் சங்க இலக்கியம் போற்றும் வழுதியர் பெயர் காசில் நின்றது அந்தச் சில எழுத்துகளால்தான். யாரேனும் ஒருவர் அதனைப் புளியிட்டு விளக்கியிருந்தால், பெயரற்ற குதிரைக் காசு ஒன்று மட்டுமே எஞ்சியிருக்கும்.

ஆகவே உறுதியாக, வழவழப்பாக, ஒரே நிறமாகப் படிந்த களிம்பு அழகின் முதற்கூறு எனக் கொள்க. பொடியாக உதிர்ந்து பரவும் வெளிர்பச்சை மட்டும் வேறு. அது குளோரைடு உப்பும் ஈரமும் கூடிய நோய். அதற்குப் பாதுகாப்புக் கலை அறிந்தவரே மருத்துவர்.

பளபளப்பை நாடுவோரை நாடிப் போலிகளும் வரும். வார்த்தெடுத்த போலியில் எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும். உருப்பெருக்கியில் சிறு குமிழ்க்குழிகள் தெரியும். ஓரத்தில் இணைப்புக் கோடு இருக்கலாம். காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என ஒரே சொல் வழங்கும் மொழியில் இதனை மிகுதியாக விளக்க வேண்டுவதில்லை.

சில நடைமுறைகள்

நிலத்தில் கிடைத்த புதையலை 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் கடன். நூறாண்டு கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதலை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. காசை விளிம்பில் பிடிக்க வேண்டும், பி.வி.சி. உறைகளைத் தவிர்த்துக் காரமும் அமிலமும் அற்ற தாளுறையில் வைக்க வேண்டும். ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். நேரே விழும் ஒளியில் மறைந்த எழுத்து, சாய்ந்த ஒளியில் நிழலிட்டு எழும். காசு வாங்கத் தொடங்குமுன் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்கு இரண்டு மூன்று முறை சென்று ஓரினக் காசுகளையே நெடுநேரம் பார்த்திருத்தல் நன்று. முதல் நாளில் எல்லாம் ஒன்றுபோல் தோன்றும். மூன்றாம் நாளில் எந்தக் காசின்மேல் அடி நேராக வீழ்ந்தது என்பது தெரியத் தொடங்கும்.