எண்ணப்படும் உயிர்கள்

நுழையும்முன்

மக்கள் நலத்திட்டங்கள் யாவும் எண்களை நம்பியே வகுக்கப்படுகின்றன. எந்த ஊருக்குச் செவிலியர் தேவை, எந்த நோய்க்குத் தடுப்பூசி தேவை என்பவற்றைப் பிறப்பு, இறப்பு, நோய் பற்றிய புள்ளிவிவரங்களே காட்டுகின்றன. அவ்வெண்கள் எவ்வாறு திரட்டப்படுகின்றன? அவற்றுள் நம்பத்தக்கவற்றை ஆய்வாளர் எவ்வாறு தேர்கின்றனர்? இவற்றை விளக்குகிறது இப்பாடம்.

குடிமைப் பதிவு

இந்தியாவில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. ஒரு பிறப்போ இறப்போ நிகழ்ந்தால், 21 நாள்களுக்குள் அதனைப் பதிவாளரிடம் தெரிவித்தல் வேண்டும். ஒவ்வொரு நிகழ்வையும் பதிவதே இம்முறையின் நோக்கமாதலால், சிற்றூர் அளவிலான விவரங்களையும் இதிலிருந்து பெற இயலும்.

எனினும், இதனைப் பயன்படுத்துவோர் இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது, நிகழ்வு நேர்ந்த இடத்திலேயே பதிவு நடைபெறுகிறது. சிற்றூரைச் சேர்ந்த ஒருவர் நகரத்து மருத்துவமனையில் இறந்தால், அவ்விறப்பு நகரத்தின் கணக்கில் சேரும். பெரிய மருத்துவமனைகள் உள்ள நகரங்களில் இறப்பு மிகுதியாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். இரண்டாவது, எல்லா நிகழ்வுகளும் பதிவேட்டை எட்டுவதில்லை. வீட்டில் பிறந்து சில நாள்களிலேயே இறந்துவிடும் குழந்தையின் பிறப்பும் இறப்பும் ஒருசேரப் பதியப்படாமல் போவதுண்டு.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். இரண்டு வட்டாரங்களில் தலா 1,000 குழந்தைகள் பிறந்து, அவற்றுள் தலா 20 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன எனக் கொள்வோம். முதல் வட்டாரம் 20 இறப்புகளையும் பதிந்தது. இரண்டாவது வட்டாரம் எட்டினை மட்டுமே பதிந்தது. ஏட்டைப் பார்ப்போருக்கு இரண்டாவது வட்டாரமே நலமிக்கதாகத் தோன்றும். கூடுதல் மருத்துவ உதவியும் முதல் வட்டாரத்துக்கே செல்லக்கூடும். பதியப்படாத 12 குழந்தைகளின் இறப்பு, அடுத்துப் பிறக்கும் குழந்தைகளின் பாதுகாப்பையும் குறைத்துவிடுகிறது.

மாதிரிப் பதிவுத் திட்டம்

இக்குறையை ஈடுசெய்ய எழுந்ததே மாதிரிப் பதிவுத் திட்டம். இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் இதனை நடத்துகிறது. நாடு முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 8,800 பகுதிகளில், அப்பகுதியைச் சேர்ந்த கணக்கெடுப்பாளர் ஒருவர் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் உடனுக்குடன் குறித்து வருகிறார். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் ஒருவர், முன்னவரின் குறிப்பைச் சாராமல், வீடுதோறும் சென்று தனியே கணக்கெடுக்கிறார். பின்னர் இரண்டு பட்டியல்களும் ஒப்பிடப்படும். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத நிகழ்வு, மீண்டும் களத்திற்குச் சென்று சரிபார்க்கப்படும். ஒருவர் விட்டதை மற்றவர் கண்டறிய வழியிருப்பதே இம்முறையின் வலிமை. ஆயினும், இது மாதிரியே ஆதலால் மாவட்ட அளவிலான வீதங்களைத் தருவதில்லை.

தேசியக் குடும்பநல ஆய்வு

மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்தும் இவ்வாய்வு, 1992-93இல் தொடங்கியது. 2019-21இல் நடைபெற்ற ஐந்தாம் சுற்றில் 6,36,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெற்றன. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம், அவர்கள் ஈன்ற குழந்தைகள் அனைவரைப் பற்றியும் கேட்டறிகின்றனர். தடுப்பூசி, ஊட்டச்சத்து, இரத்தசோகை முதலிய விவரங்களும் இதில் கிடைக்கின்றன.

இருவேறு எண்கள்

உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளுள் ஓராண்டு நிறைவதற்குள் இறப்போரின் எண்ணிக்கையே சிசு இறப்பு வீதம் எனப்படும். மாதிரிப் பதிவுத் திட்டம் 2020ஆம் ஆண்டுக்கு இந்தியாவின் சிசு இறப்பு வீதத்தை 28 என்கிறது. ஐந்தாம் குடும்பநல ஆய்வோ 35 என்கிறது. இவற்றுள் ஒன்று பொய்யா? அன்று. முன்னது அவ்வோராண்டின் நிகழ்வுகளைக் கணக்கிடுகிறது. பின்னது, ஆய்வுக்கு முந்தைய ஐந்தாண்டுகளின் நிகழ்வுகளைத் தாய்மார்களின் நினைவிலிருந்து பெறுகிறது. இறப்பு வீதம் குறைந்துவரும் நாட்டில், ஐந்தாண்டுகளுக்கான மதிப்பு கடைசி ஆண்டின் மதிப்பைவிட உயர்ந்திருத்தல் இயல்பே.

ஆகவே, ஒரு மூலத்தின் எண்ணை மற்றொரு மூலத்தின் எண்ணோடு ஒப்பிட்டு வளர்ச்சியென்றோ வீழ்ச்சியென்றோ முடிவுகட்டுதல் தவறாகும். மாதிரிப் பதிவின்படி 2019இல் 30ஆக இருந்த வீதம் 2020இல் 28ஆகக் குறைந்தது எனக் கூறுவதே முறையான ஒப்பீடாகும்.

இறப்பின் காரணம்

இறப்பு பதியப்பட்டாலும் அதன் காரணம் அறியப்படாமல் போகலாம். 2020ஆம் ஆண்டு இந்தியாவில் பதிவான இறப்புகளுள் 22.5 விழுக்காட்டிற்கே மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. நோயைக் குறிப்பிடாமல் 'இதயம் நின்றது' என்று மட்டும் எழுதினால், அக்குறிப்பு ஆய்வாளருக்குப் பயன்படாது. எவர் இறப்பிலும் இறுதியில் இதயம் நிற்கவே செய்யும். அது நின்றதற்கான நோய் காசமா, நீரிழிவா என்பதே அவர் அறிய வேண்டியது.

ஆய்வாளரின் கடமை

செய்தித்தாளில் கண்ட எண்ணை அவ்வாறே எடுத்தாளாமல், அதனை வெளியிட்ட மூல அறிக்கையை நாடுதல் வேண்டும். எண்ணியவர் யார், எண்ணிய முறை யாது, எக்காலத்துக்கும் எந்நிலப்பகுதிக்கும் உரியது, எத்தனை பேருக்கு இத்தனை என்னும் வினாக்களுக்கு விடை கண்டபின்னரே அவ்வெண்ணைப் பயன்படுத்த வேண்டும். மூலத்தின் பெயரையும் ஆண்டையும் எண்ணோடு சேர்த்து எழுதுதல், படிப்போர் அதனைச் சரிபார்க்க உதவும். ஏட்டிலுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு வீட்டின் மகிழ்ச்சியோ துயரோ இருக்கிறது. அதனைப் பிழையின்றிப் பதிதல் குடிமக்களின் பொறுப்பு. பிழையின்றிப் படித்தல் ஆய்வாளரின் பொறுப்பு.

தெரியுமா?

இலண்டன் நகரத் துணிவணிகரான ஜான் கிராண்ட், அந்நகரின் இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து 1662ஆம் ஆண்டு நூலொன்றை வெளியிட்டார். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் சற்று மிகுதியாகப் பிறப்பதை அவர் எண்களின் வழியே எடுத்துக்காட்டினார்.

கற்பவை கற்றபின்

1. உடல்நலம் பற்றிய புள்ளிவிவரம் இடம்பெற்ற செய்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் மூலம், ஆண்டு, நிலப்பகுதி ஆகியன குறிப்பிடப்பட்டுள்ளனவா என ஆய்ந்து வகுப்பறையில் உரையாடுக.

2. குறைவாகப் பதியும் வட்டாரம் நலமிக்கதாகத் தோன்றுவது ஏன்? விளக்குக.

3. சிசு இறப்பு வீதம் குறித்து இரு மூலங்கள் இருவேறு எண்களைத் தருவதற்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக.