முதுகு பிடித்துவிடுதல்

பெங்களூரில் காக்ஸ் டவுனை அடுத்து உள்ளது ஜீவனஹள்ளி. அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களில் மாலைப்பொழுதில் அடிக்கடி கேட்கும் சொற்றொடர் ஒன்று உண்டு. பகல் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்து வீடு திரும்பும் தாய், “முதுகு பிடித்துக்கொண்டது” என்பார். “சற்றுப் பிடித்துவிடு” என்று பாட்டி பிள்ளையை ஏவுவார். முதலில் வரும் ‘பிடித்தல்’ நோய். அடுத்து வரும் ‘பிடித்தல்’ அதற்கு மருந்து. வீட்டில் தமிழ் கேட்டு வளராத பிள்ளை இவ்விடத்தில் திகைப்பது இயல்பே.

கையின் செயலுக்குத் தமிழில் பல வினைச்சொற்கள் உள்ளன. விரல்நுனி தோலின்மேல் மெல்லச் செல்வது வருடுதல். உள்ளங்கையை ஒரே சீரான அழுத்தத்துடன் ஒரே திசையில் செலுத்துவது நீவுதல். கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே தசையைப் பற்றி, அமுக்கி விடுவது பிடித்துவிடுதல். இச்சொற்களை ஒன்றாகக் கருதுதல் கூடாது. நீவச் சொன்னவரின் முதுகை அமுக்கினால் வலி தணியாது, மிகும்.

சித்த மருத்துவத்தில் இக்கலை தொக்கணம் எனப்படும். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் முதலாக அது ஒன்பது வகைப்படும். முறுக்குதலும் இழுத்தலும் பயின்ற மருத்துவருக்கே உரியவை. வீட்டில் நீவுதலும் மென்மையாகப் பிடித்தலுமே போதும்.

முதுகின் நடுவே முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. இவற்றின்மேல் அழுத்தலாகாது; இருபுறமும் உள்ள தசைகளிலேயே கை செல்ல வேண்டும்.

தாயைப் பாயில் குப்புறப் படுக்கச் செய்து, வயிற்றின்கீழ் மெல்லிய தலையணை ஒன்றை வைக்கலாம். நல்லெண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் எண்ணெய் இளஞ்சூடாகும். அதை முதலில் தன் உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பார்த்த பின்னரே முதுகில் தடவ வேண்டும். இரு கைகளையும் இடுப்பில் வைத்துத் தோள்வரை மேல்நோக்கி நீவி, விலாப்புறமாக அழுத்தமின்றி இறக்க வேண்டும். இவ்வாறு பத்துமுறை செய்தால் தசை இளகும். குனிந்து தைப்பவர்க்குத் தோளும் பிடரியுமே மிகுதியாக இறுகும். ஆதலால் அங்கு நெடுநேரம் பிடித்துவிடுவது நன்று. விரலால் மட்டும் அழுத்தினால் பிள்ளையின் கை விரைவில் சோர்ந்துவிடும். உடலைச் சற்று முன்சாய்த்தால் அழுத்தம் தானே கிடைக்கும். “வலிக்கிறதா அம்மா?” என்று இடையிடையே கேட்க வேண்டும். முகம் கீழ்நோக்கி இருப்பதால் அவர் முகம் சுளிப்பது பிள்ளைக்குத் தெரியாதன்றோ?

சிறு பிள்ளைகளை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லும் வழக்கம் இன்றும் சில வீடுகளில் உள்ளது. எலும்பு தேய்ந்த முதியவர்க்கு இது பெருந்தீங்கு தரும். புண், வீக்கம், காய்ச்சல் உள்ளபோது முதுகு பிடித்துவிடுதல் ஆகாது. வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

கன்னடத்தில் முதுகைப் ‘பென்னு’ என்பர். பழந்தமிழிலும் முதுகுக்கு ‘வெந்’, ‘வெரிந்’ என்னும் பெயர்கள் இருந்தன. தமிழில் வகரமாக நிற்பது கன்னடத்தில் பலவிடங்களில் பகரமாகும். வேர் அங்கே ‘பேரு’ ஆவதும் இவ்வாறே. ஜீவனஹள்ளிப் பிள்ளை தெருவில் கேட்கும் சொல் தமிழுக்கு அயலானதன்று.

பயிற்சி

‘பிடி’ என்னும் வினை வெவ்வேறு பொருளில் வருமாறு நான்கு தொடர்கள் எழுதுக. உங்கள் வீட்டுப் பெரியவர் நீவுதலுக்கும் தேய்த்தலுக்கும் கூறும் வேறுபாட்டைக் கேட்டு, அவர் சொற்களிலேயே எழுதி வருக.