கடன் பாக்கியுள்ள காரை வெளிநாட்டிலிருந்து விற்பது

தாம்பரத்தில் அப்பா வீட்டு வாசலில் நின்ற என் டிசையர் காரை மியூனிக்கில் இருந்தபடியே விற்றேன். அதன்மேல் வங்கிக் கடன் இருந்தது. வேலை கிடைத்துக் கிளம்பும் அவசரத்தில் "லீவுக்கு வரும்போது பார்த்துக்கலாம்" என்று காரை விட்டுவிட்டு வருபவர்கள் பலர். தவணையும் இன்சூரன்ஸும் அதுபாட்டுக்கு ஓடும். ஓடாத வண்டியில் பேட்டரி இறங்கும், விலையும் மாதத்துக்கு மாதம் சரியும். இங்கிருந்தே விற்றுவிடுவது மேல். ஆனால் பணம் வந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் பெயர் மாறினால்தான் வண்டி விற்றதாகக் கணக்கு.

நவீன் குமார் - விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னதும் இதுதான். அந்த வழக்கில் வந்த கார் அடுத்தடுத்துப் பலர் கைக்குப் போயிருந்தது. விபத்து நடந்தபோது முதல் உரிமையாளருக்கும் வண்டிக்கும் சம்பந்தமே இல்லை. இருந்தும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈடும் அவர் பொறுப்பு என்று தீர்ப்பானது. கடல் கடந்து உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய தலைவலி வேண்டாம்.

வீட்டுக்கு வந்த ஒரு புரோக்கர் அப்பாவிடம், "சார், தம்பிய ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பச் சொல்லுங்க, மத்தத நாங்க ஃபில்லப் பண்ணிக்கிறோம்" என்றார். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம்கள் அவை. அப்பா வீடியோ காலில் அந்தத் தாள்களைக் காட்டினார். வாங்குபவர் பெயர், விலாசம், தேதி எல்லாமே காலி. "அப்பா, ஆள் யாருன்னு எழுதாத தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன், அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றேன். அந்த வெற்றுத் தாள் புரோக்கர் கையில் இருந்தால் வண்டி நம் பெயரிலேயே நாலு பேரிடம் சுற்றும், செலான் நமக்கு வரும். டீலரிடம்தான் கொடுப்பதென்றால் அங்கீகாரம் பெற்ற டீலரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை ஃபார்ம் 29சி மூலம் ஆன்லைனில் பதிவு செய்யலாம். அதன்பிறகு வண்டிக்கு அவர் பொறுப்பு.

கடன்தான் பெரிய முடிச்சு. ஆர்.சி.யில் வங்கியின் பெயர் ஹைபாத்திகேஷனாக, அதாவது கடன் பிணையாக, ஏறியிருக்கும். கடன் அடையாமல் வங்கி என்.ஓ.சி. (ஆட்சேபணையின்மைச் சான்று) தராது, என்.ஓ.சி. இல்லாமல் பெயர் மாறாது, பெயர் மாறும் என்ற நம்பிக்கை இல்லாமல் வாங்குபவர் பணம் தரமாட்டார். கையில் பணம் இருந்தால் முதலில் கடனை அடைத்துவிடுங்கள், மற்றதெல்லாம் சுலபம். என்னிடம் அவ்வளவு இல்லை. கடனை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று காட்டும் ஃபோர்குளோசர் ஸ்டேட்மென்டை வங்கியிடம் வாங்கி வாங்குபவரிடம் காட்டினேன். அவர் அந்தத் தொகையை நேராக என் கடன் கணக்கிலேயே கட்டினார். மீதியை என்.ஓ.சி. வந்ததும் தருவதாக எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். அந்த ஸ்டேட்மென்டில் எந்தத் தேதிவரை அந்தத் தொகை செல்லும் என்று பாருங்கள். ஒரு நாள் தாண்டினாலும் வட்டி கூடும். நிலையான வட்டிக் கடன் என்றால் முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணமும், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இருக்கலாம். விலை பேசும் முன்பே இதைக் கணக்கில் சேருங்கள்.

கடன் அடைந்ததும் வங்கி என்.ஓ.சி.யும், ஹைபாத்திகேஷனை நீக்குவதற்கான ஃபார்ம் 35-ம் தர வேண்டும். ஃபார்ம் 35-இல் நம் கையெழுத்தும் வேண்டும். இந்தத் தாள்களுக்குப் பொதுவாக மூன்று மாதம்தான் ஆயுள் என்பதால் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. வங்கி இழுத்தடித்தால், கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தந்து பதிவிலிருந்து தன் உரிமையை நீக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் போட்ட உத்தரவை எழுத்தில் சுட்டிக்காட்டுங்கள். அந்தக் கெடுவுக்குமேல் வங்கியின் தவறால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.

இந்த வேலைகளை எனக்காகச் செய்ய அப்பா பெயருக்கு ஒரு பவர் பத்திரம் கொடுத்தேன். மியூனிக் இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, சான்று முத்திரை வாங்கி அனுப்பினேன். அது இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். பத்திரத்தில் "என் சார்பில் எல்லாம் செய்ய" என்று மொத்தமாக எழுதாமல், வண்டி எண், சேசிஸ் எண், விற்பது, கடன் முடிப்பது, ஆர்.டி.ஓ.வில் கையெழுத்திடுவது என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். பவர் இருந்தாலும், விவரம் பூர்த்தியான 29, 30 ஃபார்ம்களில் நம் கையெழுத்தையே போட்டு கூரியரில் அனுப்பிவிடுவது நல்லது. ஆதாரோடு இணைந்த இந்திய சிம் உயிரோடு இருக்க வேண்டும். ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

பேரத்தில் "ஓனர் ஃபாரின்ல இருக்காரு" என்பது தெரிந்த நிமிடமே விலை இறங்கும். விளம்பரத்தில் அதைப் போட வேண்டியதில்லை. வண்டி பார்க்க வருபவரிடம் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், பெயர் மாற்றுவதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

ரொக்கம் என்ற பேச்சே வேண்டாம். ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை உண்டு. வெளிநாட்டில் குடியேறியவர் பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியிருக்க வேண்டும், பணம் அதில் வரட்டும்.

சாவி கொடுக்கும்போது தேதியும் நேரமும் போட்டு டெலிவரி நோட் எழுதுங்கள். வாங்குபவரின் அடையாள அட்டை நகலையும் வாங்குங்கள். அன்றே ஃபாஸ்டேக்கை மூடிவிடுங்கள். இன்சூரன்ஸ் பாலிசி வாங்குபவர் பெயருக்குப் போகலாம், ஆனால் நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது. கம்பெனியிடம் அதற்குச் சான்றிதழ் கேட்டு வாங்கினால் மூன்று வருடத்துக்குள் ஊர் திரும்பி வேறு கார் எடுக்கும்போது பிரீமியத்தில் குறையும். அதன்பிறகு பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, உரிமையாளர் பெயர் மாறிவிட்டதா, ஹைபாத்திகேஷன் நீங்கிவிட்டதா என்று பாருங்கள். மாறும்வரை வாரம் ஒரு போன் போட்டு வாங்கியவரை நினைவுபடுத்திக்கொண்டே இருங்கள். மாறியதும் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கடன் முடிந்த கடிதத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.