முதியவருக்குப் புற்றுநோய் அறுவை சிகிச்சையா? முதியோர் நல மருத்துவரையும் கேட்போம்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்களிடம் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறோம். "அத்தாவுக்கு எழுபத்தெட்டு வயசாச்சு, இனிமே எதுக்குக் கத்தி?" என்பது ஒன்று. "ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க, நாளைக்கே சேர்த்துடணும்" என்பது இன்னொன்று. முதல் பேச்சில், குணமாகக்கூடிய நோயும் கைவிடப்படுகிறது. இரண்டாவதில், உடல் தாங்குமா என்பதே பார்க்கப்படுவதில்லை. வயதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், அறுவை சிகிச்சைக்கு முன்பே முதியோர் நல மருத்துவரிடம் காட்டுவதே சரியான வழி.

இந்தத் துறை சென்னைக்குப் புதிதல்ல. 1978-லேயே அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியால் முதியோர் மருத்துவப் பிரிவு தொடங்கியது. 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இதற்கென எம்.டி. படிப்பு வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் நிறுவன வளாகத்தில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

அவர் என்ன பார்ப்பார்?

1. நடை: நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது?
2. நினைவாற்றல்: சொன்ன சொற்களைச் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல முடிகிறதா?
3. உணவு: சில மாதங்களில் எடை குறைந்திருக்கிறதா?
4. மருந்துகள்: சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்க மாத்திரை, யூனானி, சித்த மருந்து எல்லாமே. ரத்தத்தை இளக்கும் மாத்திரையை மருத்துவரிடம் மறைக்கவும் கூடாது, நாமாக நிறுத்தவும் கூடாது.
5. வீடு: திரும்பி வந்தபின் கவனிக்க யார் இருக்கிறார்கள்?

எழுபதிலேயே தளர்ந்தவரும் உண்டு, எண்பதிலும் பள்ளிவாசலுக்கு நடந்தே வருபவரும் உண்டு. அந்த வேறுபாடு இந்தச் சோதனைகளில் தெரிந்துவிடும். குறை இருந்தால், அறுவை சிகிச்சைக்கு முன் கிடைக்கும் நாட்களிலேயே சத்துணவு, நடைப்பயிற்சி, மூச்சுப் பயிற்சி மூலம் உடலைத் தேற்றலாம்.

பலன் உண்டா?

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில், அறுவை சிகிச்சை பெற்ற 75 வயதுக்கு மேற்பட்ட 1,892 பேரை ஆராய்ந்தனர். முதியோர் நல மருத்துவரும் சேர்ந்து கவனித்தவர்களில் 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் 100-க்கு 4 பேர் அளவில் இருந்தனர். அப்படிக் கவனிக்கப்படாதவர்களில் அது 9 பேர் அளவில் இருந்தது. 2020-ல் வெளியான இந்த ஆய்வு ஓர் ஒப்பீடுதான், முடிவான நிரூபணம் அல்ல. ஆனாலும் புறக்கணிக்கக்கூடிய வித்தியாசம் இல்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும் புற்றுநோய் கண்ட முதியவர்களுக்கென 2018 முதல் தனிப் பிரிவு இயங்குகிறது.

அறுவை சிகிச்சைக்குப் பின்

முதியவர்கள் சிலர் ஓரிரு நாளில் ஆள் தெரியாமல் உளறுவார்கள், இரவில் எழுந்து ஓடப் பார்ப்பார்கள். இதைக் காற்றுக் கருப்பு என்று எண்ணித் தாயத்து தேட வேண்டாம். இது டெலிரியம் என்ற மனக்குழப்பம். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூக்குக் கண்ணாடி, காது மிஷின், பல்செட் ஆகியவற்றைக் கையருகே வையுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். மருத்துவர் அனுமதித்ததும் எழுந்து உட்காரவும் நடக்கவும் உதவுங்கள்.

அவரிடமும் கேளுங்கள்

சில நேரம், கத்தி வேண்டாம், கதிர்வீச்சோ வலி தணிக்கும் சிகிச்சையோ போதும் என்று மருத்துவர்கள் சொல்லலாம். அது கைவிடுவதாகாது. எந்த முடிவானாலும் நோயாளிக்குத் தெரியாமல் பிள்ளைகளே எடுத்துவிடுவது முறையல்ல. பெற்றோருக்கு முதுமையில் நலம் செய்வது நம் மார்க்கக் கடமை. அவர்களுடைய விருப்பத்தைக் கேட்பதும் அதில் சேர்ந்ததே.

அறுவை சிகிச்சை நாள் குறிக்கும்போதே, "முதியோர் நல மருத்துவரிடம் ஒருமுறை காட்டலாமா?" என்று கேளுங்கள். வழி தெரியாதவர்கள் பழைய சீட்டுகள், சாப்பிடும் மருந்துகள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆகியவற்றோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உடன் நிற்போம்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.