கடலைச் சுருளும் கணக்குக் கொப்பியும்



சம்பளம் போட்ட அன்று பின்னேரம் லயத்து வாசலில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். “இந்த மாசம் கையில எவ்வளவு வந்துச்சு?” பதில் உடனே வரும். அடுத்த கேள்வி: “எவ்வளவு பிடிச்சாங்க? எதுக்கெல்லாம் பிடிச்சாங்க?” பல வீடுகளில் இதற்குப் பதில் வராது. அதே வீட்டில் பத்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளை இருக்கும். பாடசாலையில் வட்டிக் கணக்குக்கு முழுப் புள்ளி எடுத்த பிள்ளை. ஆனால் அம்மாவின் சம்பளச் சீட்டை அந்தப் பிள்ளை ஒரு நாளும் கையில் எடுத்துப் பார்த்திருக்காது.

பாடசாலைக் கணக்கு ஒரு பக்கம், வீட்டுக் கணக்கு ஒரு பக்கம் என்று நாமே பிரித்து வைத்திருக்கிறோம். இரண்டையும் சேர்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. பிள்ளைகளை ஒரு நாள் சொந்தமாக வியாபாரம் செய்ய விடுவதுதான் அது. அதைப் பற்றியதே இம்முறைப் பாடம்.

துண்டு சொல்லும் பாடம்

முதலில் ஒரு பழைய கதை. நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த காலத்தில் வழிச் செலவே அவர்கள் தலையில் கடனாக விழுந்தது. கங்காணி கொடுத்த முற்பணம் கணக்கில் ஏறியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக ‘துண்டு’ வேண்டும். இந்த ஆட்களுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவோம் என்று எழுதிய சிறு கடதாசிதான் துண்டு. புதுத் தோட்டம் பழைய கடனைக் கட்டும். ஆனால் கடன் தீராது, புதுத் தோட்டத்துக் கணக்குக்கு மாறும், அவ்வளவுதான். எழுதியது வேறொருவர், கூட்டியது வேறொருவர். கடன்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கவே தெரியாது.

1921 ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. துண்டு போய்விட்டது. ஆனால் மற்றவர் எழுதிய கணக்கை வாசிக்காமலே கையெழுத்து வைக்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நம் பிள்ளைகளோடு அது முடிய வேண்டும்.

ஒரு நாள் கடை

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்பிரிவுப் பிள்ளைகள் மூன்று பேர் கடலை அவித்துத் தாளித்து விற்க நினைக்கிறார்கள். மூன்று அம்மாமாரும் சேர்ந்து 3,200 ரூபா முதல் கொடுக்கிறார்கள். இது சும்மா கொடுத்த காசு இல்லை, கடன். கொப்பியின் முதல் பக்கத்தில் முதல் வரியாக அதை எழுத வேண்டும்.

கீழே உள்ள விலைகள் பாடத்துக்காக நாம் போட்டவை. உங்கள் கடையில் அன்றைய விலையைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

கடலை 3 கிலோ – 1,800 ரூபா
தேங்காய் 3 – 540 ரூபா
செத்தல் மிளகாய், வெங்காயம், கடுகு – 350 ரூபா
எண்ணெய் – 300 ரூபா
சுருள் சுற்றக் கடதாசி – 60 ரூபா
விறகு – 150 ரூபா
மொத்தம் – 3,200 ரூபா

“விறகு நம்ம வீட்டு விறகுதானே, அதுக்கு என்னா காசு?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். எழுதத்தான் வேண்டும். விறகு சும்மா வரவில்லை, யாரோ ஒருவர் மலையேறித் தலையில் சுமந்து கொண்டுவந்தது. வீட்டில் இருப்பதை எல்லாம் சும்மா என்று கணக்கில் விட்டால் வியாபாரம் நடக்கும், வீடு குறையும்.

ஊறவைத்து அவித்தால் கடலையின் பாரம் இரண்டு மடங்கு ஆகும். 100 கிராம் சுருளாகப் போட்டால் 60 சுருள் கிடைக்கும். 3,200 ரூபாவை 60 ஆல் பிரித்தால் ஒரு சுருளின் அடக்க விலை ஏறக்குறைய 54 ரூபா.

இப்போது விலை வைக்க வேண்டும். ஒரு பிள்ளை சொல்கிறது, “டவுன்ல அம்பது ரூபாய்க்குத் தாறாங்க, நாமளும் அம்பதுக்குக் குடுப்போம், சுருக்கா முடிஞ்சிரும்.” முடியும், உண்மைதான். 60 சுருளும் முடிந்தால் 3,000 ரூபா வரும். சட்டி காலியாகும், 200 ரூபா நட்டமும் ஆகும்! டவுன் கடைக்காரர் மூடையாக வாங்குகிறார், அவருடைய அடக்கம் வேறு. நம் அடக்கத்தைப் பார்த்துத்தான் நாம் விலை வைக்க வேண்டும். ஆகவே பிள்ளைகள் 100 ரூபா வைக்கிறார்கள். அந்த விலைக்கு 32 சுருள் விற்றாலே போட்ட முதல் திரும்பிவிடும். முப்பத்திமூன்றாவது சுருளில் இருந்துதான் இலாபம்.

இரவு எண்ணிய காசு

திருவிழா முடிந்தது. 52 சுருள் போயிற்று, 8 மிஞ்சியது. போன 52 இல் 4 கடன். “மாமாவுக்கு எப்படி இல்லேன்னு சொல்றது?” என்று கொடுத்தவை அவை. பெட்டியில் 4,800 ரூபா இருக்கிறது. பிள்ளைகள் துள்ளிக் குதிக்கிறார்கள், “நாலாயிரத்து எண்ணூறு லாபம்!”

இந்த இடத்தில்தான் பெரியவர்கள் அவசரப்படாமல் கொப்பியை எடுத்து முன்னால் வைக்க வேண்டும். பிள்ளைகளே கழித்துப் பார்க்கட்டும்.

கையில் வந்தது – 4,800 ரூபா
முதல் – 3,200 ரூபா
மிச்சம் – 1,600 ரூபா
வெளியில் நிற்கும் கடன் – 400 ரூபா

மாமா காசு கொடுத்தால்தான் இலாபம் 2,000. கொடுக்கும் வரைக்கும் 1,600. அதையும் மூன்று பேரின் ஒரு நாள் உழைப்பால் பிரித்தால் தலைக்கு 533 ரூபா வரும். இலாபம் என்று நினைத்ததில் பெரும்பகுதி தங்கள் சொந்தக் கூலி என்று அப்போது விளங்கும். மிஞ்சிய 8 சுருளின் முதலும் அந்தக் கணக்குக்குள்ளேயே போய்விட்டது. அடுத்த முறை இரண்டரைக் கிலோ போதுமா என்று அவர்களே யோசிப்பார்கள். பத்து நாள் நாம் நின்று சொல்லிக்கொடுத்தாலும் வராத யோசனை இது.

1,600 ரூபாவை என்ன செய்வது? அம்மாமாரின் 3,200 முதலில் திரும்பிவிட வேண்டும். பிறகு 700 ரூபாவை அடுத்த வியாபாரத்துக்கு முதலாக எடுத்து வைக்கலாம். மீதி 900 தலைக்கு 300. அதில் ஒரு பங்கைச் சேமிப்புப் புத்தகத்தில் போடட்டும். தேசிய சேமிப்பு வங்கிக் கணக்குக்குத் தபாலகத்திலும் பணம் போடலாம். இரண்டாவது முறை அம்மாவிடம் கேட்கும் தொகை குறையும். நாலாவது ஐந்தாவது முறையில் கேட்கவே தேவையிருக்காது. சொந்த முதல் என்றால் என்ன என்று அன்றைக்குத் தெரியும்.

அதே கண்ணால் சம்பளச் சீட்டு

கடலைக் கணக்கு தெரிந்த பிள்ளை அடுத்ததாக வீட்டுச் சீட்டைக் கையில் எடுக்கட்டும். எத்தனை பேர் விழுந்தது, எத்தனை அரைப்பேர் என்று செக்ரோலோடு ஒத்துப் பார்க்கட்டும். பிடிப்புகளை ஒவ்வொன்றாக வாசிக்கட்டும்: ஊழியர் சேமலாப நிதி, தீபாவளி முற்பணம், தேயிலைத் தூள், சங்கச் சந்தா.

ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கப்படும். தொழில் கொடுப்பவர் தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். 20,000 ரூபா சம்பளம் என்றால் நம் பங்கு 1,600, அவர்கள் பங்கு 2,400, மொத்தம் 4,000 ரூபா உங்கள் பெயரில் சேர வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். அதை முழுக்கத் தொழில் கொடுப்பவர்தான் கட்ட வேண்டும், சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. கொழும்புக்குக் கடை வேலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போகும் பிள்ளை இதைத் தெரிந்துகொண்டு போனால், வருஷக்கணக்காக ஏமாறாது.

தீபாவளி முற்பணமும் கடன்தான். 20,000 ரூபா வாங்கிப் பத்து மாதத்தில் கழித்தால் மாதம் 2,000 குறையும். வாங்கும்போதே அந்தப் பத்து மாதத்தையும் நினைத்து வாங்க வேண்டும்.

அதே கண்ணால் கடன் கடதாசி

வீட்டு வாசலுக்கு வந்து கடன் தருபவர், “கிழமைக்கு ஆயிரத்து இருநூறுதான் அக்கா, லேசா கட்டிறலாம்” என்பார். அவர் சொல்வது ஒரு கிழமையின் கணக்கு. பிள்ளை மொத்தக் கணக்கைக் கேட்க வேண்டும். எத்தனை கிழமை? 52. அப்படியானால் கட்டுவது 62,400 ரூபா. கைக்கு வருவது எவ்வளவு? 50,000 இல் கடதாசிச் செலவு 1,500 போக 48,500. அந்தக் கடனின் விலை 13,900 ரூபா. அந்தக் காசு அதைவிடக் கூடுதலாக நமக்கு உழைத்துத் தருமா? தரும் என்றால் யோசிக்கலாம். கலியாணச் சாப்பாட்டுக்கும் புது டீவிக்கும் அது உழைத்துத் தராது.

நூற்றுக்குப் பத்து வட்டியும் இப்படித்தான். 10,000 ரூபாவுக்கு மாதம் 1,000. ஒரு வருஷத்தில் 12,000 வட்டியாகப் போய்விடும். வாங்கிய 10,000 அப்படியே நிற்கும்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

இது பிள்ளைகளை உழைக்க அனுப்பும் யோசனை இல்லை. 2021 முதல் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு அமர்த்துவதைச் சட்டம் தடுக்கிறது. திருவிழா நாள், விடுமுறை நாள் போதும். படிப்புக்கு ஒரு நாளும் குறை வரக் கூடாது. அடுப்பருகில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

நட்டம் வந்தால் நீங்கள் நிரப்பாதீர்கள், திட்டவும் வேண்டாம். 200 ரூபா நட்டத்தில் படித்துக்கொண்டால் பின்னால் இரண்டு இலட்சம் தப்பும். காசு பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்றும் சொல்லாதீர்கள். நாளைக்குக் கொழுந்துத் தராசுக்கு முன்னாலும் வங்கி மேசைக்கு முன்னாலும் நிற்கப் போவது அவளும்தான்.

செய்து பாருங்கள்

80 வடைக்கு 2,400 ரூபா செலவு. ஒரு வடை 40 ரூபா. 65 வடை போனது, அதில் 5 கடன். இலாபம் எவ்வளவு? அது யார் கையில் இருக்கிறது?

விடையை இன்றிரவு வீட்டில் எல்லோரும் சேர்ந்து கண்டுபிடியுங்கள். (இலாபம் 200 ரூபா. முழுவதும் கடன் வாங்கியவர் கையில்!)

கணக்குக் கொப்பி ஒன்று சாமிப் படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அதில் எழுதும் கை நம் வீட்டுக் கையாக இருக்கட்டும்.