நம் ரத்தமே நம் கண்ணுக்கு மருந்து

இரண்டாமாண்டு, மெக்கானிக்கல் மாணவன்



எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அதனால் மருந்துச் சீட்டு, ரிப்போர்ட் எது வந்தாலும் "படிக்கிற பையன் நீதானே, என்னன்னு பாரு" என்று என் கையில்தான் கொடுப்பார்கள். அப்படி வந்ததுதான் அக்காவின் கண் விஷயம்.

அக்கா பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறாள். 'கண்ணாடி போட்ட பொண்ணு வேண்டாம்' என்று இரண்டு வரன்கள் தட்டிப் போனதால், சீட்டுப் பணத்தை எடுத்து லேசிக் ஆபரேஷன் செய்துகொண்டாள். பார்வை தெளிவாகிவிட்டது. ஆனால் மாதக்கணக்கில் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். செயற்கைக் கண்ணீர் மருந்து போதவில்லை. "உங்க ரத்தத்திலிருந்தே சொட்டு மருந்து செய்யலாம்" என்றார் டாக்டர். அம்மா பதறிப் போனார். "ரத்தத்தையாடா கண்ணுல ஊத்துவாங்க?"

கண் ஏன் உலர்கிறது?

கருவிழியின் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். லேசிக்கில் அதன் மேற்பகுதியை மெல்லிய மூடி போல் வெட்டித் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கி, திரும்ப மூடுகிறார்கள். அப்போது நுண் நரம்புகளும் அறுபடுகின்றன. 'கண் காய்கிறது' என்று தகவல் அனுப்பி கண்ணீரைச் சுரக்க வைப்பவை அவைதான். சென்சார் ஒயர் அறுந்தால் மோட்டார் எப்படி ஓடும்? பெரும்பாலோருக்கு 6 முதல் 12 மாதத்தில் சரியாகும். சிலருக்கு நீடிக்கும்.

ரத்தம் எதற்கு?

கண்ணீர் வெறும் உப்புத் தண்ணீர் அல்ல. புண் ஆற்றும் வளர்ச்சிக் காரணிகளும் வைட்டமின் ஏ-யும் அதில் உண்டு. ரத்தத்தின் சீரத்திலும் அவை உண்டு. 1984-இல் அமெரிக்காவில் ஃபாக்ஸ் குழுவினர் ஷோக்ரென் நோயாளிகளின் உலர்கண்ணுக்கு இதைப் பயன்படுத்தினர். 1999-இல் ஜப்பானில் சுபோட்டா குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்தனர்.

செய்முறை

எடுத்த ரத்தத்தை உறைய விட்டு, சென்ட்ரிபியூஜில் சுற்றுவார்கள். நம் பாடத்தில் வரும் மையவிலக்கு விசைதான்! 15 செ.மீ. ஆரம், 3000 ஆர்.பி.எம். என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். புவியீர்ப்பைப் போல் சுமார் 1500 மடங்கு வரும். கனமான செல்கள் அடியில் தங்க, மேலே தெளிந்த சீரம் நிற்கும். அதைச் சலைன் கலந்து, பெரும்பாலும் 20 சதவீதமாக்கிச் சிறு புட்டிகளில் அடைப்பார்கள்.

"ஆட்டு ரத்தத்தைச் சட்டியில வெச்சா உறைஞ்சு, மேல மஞ்சத் தண்ணி நிக்குமே, அதும்மா" என்றேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

கவனம்

இதில் கெடாமல் காக்கும் ரசாயனம் சேர்ப்பதில்லை. எனவே கிருமி எளிதில் வளரும். சுத்தமான ஆய்வுக்கூடத்தில்தான் தயாரிக்க வேண்டும். புட்டிகளை உறைநிலையில் வைத்து, திறந்ததைப் பிரிட்ஜில் வைக்க வேண்டும். டாக்டர் சொன்ன நாள் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். ஒருவருடையதை மற்றவர் போடவே கூடாது.

அக்காவுக்கு இப்போது உறுத்தல் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. ஆபரேஷனுக்கு முன்பே கண் வறட்சியைச் சோதிக்கலாம். இமைக்குள் ஒரு வடிதாள் துண்டை 5 நிமிடம் வைத்து, எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்கள். அதைக் கேட்க எங்களுக்கு அன்று தெரியவில்லை. நண்பர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது லேசிக் செய்யப் போனால், முதலில் அதைக் கேளுங்கள். வீட்டில் படித்தவர் நாம்தானே!