பத்துப் பந்துகள், ஆயிரம் பேர் – சுழல் உருளைக் குலுக்கல் செய்முறை



பொங்கல் விழா, ஆண்டு விழா, குழந்தைகள் தினம் என்று எதை எடுத்துக்கொண்டாலும் நம்மவர்கள் கூடும் இடத்தில் கடைசி நிகழ்ச்சி குலுக்கல்தான். நாட்டியம் முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடும் குடும்பங்கள்கூட, குலுக்கல் உண்டு என்றால் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருக்கும். நாக்பூர் மோதிபாக் நாரோ கேஜ் பட்டறையிலும் வேறு சில ஊர்களிலும் பல ஆண்டுகள் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். போன ஊரிலெல்லாம் குலுக்கல் பானையைப் பார்த்திருக்கிறேன். பானையால் வந்த மனஸ்தாபங்களையும் பார்த்திருக்கிறேன்.

ஓர் ஊரில் – பெயர் வேண்டாம் – இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து முதல் பரிசு செயலாளர் வீட்டுக்கே போயிற்று. முதல் ஆண்டு பிரஷர் குக்கர், மறு ஆண்டு மேசை மின்விசிறி. மூன்றாம் ஆண்டு விழாவுக்கு வந்த கூட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது. அந்த மனிதர் தப்பு செய்தவர் அல்ல என்பது என் கருத்து. எல்லோருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தவர் அவர். தம் வீட்டுச் சீட்டைக் கடைசியாகப் போட்டார். அது மேலாகக் கிடந்தது. பானையை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, ஒரு சிறுமியைக் கை விடச் சொன்னார்கள். அவள் கைக்கு மேலே கிடந்ததுதானே வரும்?

இதைவிடப் பெரிய இடத்திலும் இதே கோளாறு நடந்திருக்கிறது. 1969 டிசம்பர் 1-ஆம் தேதி அமெரிக்காவில், வியட்நாம் போருக்கு இளைஞர்களை அழைக்கும் வரிசையைப் பிறந்த தேதி வைத்துக் குலுக்கினார்கள். 366 தேதிகளை 366 பிளாஸ்டிக் குப்பிகளில் அடைத்து, மாதவாரியாக ஒரு பெட்டியில் சேர்த்து, பிறகு கண்ணாடி ஜாடியில் கொட்டி எடுத்தார்கள். ஜனவரிக் குப்பிகள் பல தடவை கலக்கப்பட்டன. டிசம்பர் குப்பிகள் கடைசியில் வந்ததால் சரியாகக் கலக்கவில்லை. விளைவு? அந்த வரிசையில் 195-ஆம் எண் வரை போருக்கு அழைத்தார்கள். டிசம்பரில் பிறந்தவர்களுக்கு உரிய 31 தேதிகளில் ஐந்தே ஐந்துதான் அந்த எண்ணுக்கு அப்பால் தப்பின. நியாயமாக 14 தேதிகளாவது தப்பியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டு குலுக்கலில் தேதிகளுக்கு ஓர் உருளை, வரிசை எண்களுக்கு ஓர் உருளை என்று இரண்டு சுழல் உருளைகள் வைத்தார்கள்.

நம் முன்னோர் இதை யோசிக்காமல் இல்லை. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பாருங்கள். முப்பது குடும்புகளின் ஓலைக் கட்டுகளைக் குடத்தில் இட்டு, எல்லோரும் காணும்படி குடத்தை உயர்த்திக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுக்க வேண்டும். அந்தக் கட்டை வேறொரு குடத்தில் போட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுக்க வேண்டும். வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். ஓலையை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக விரலுக்குக்கூடச் சட்டம் போட்டிருக்கிறார்கள்! இந்த முறையில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, பெரிய கும்பலை ஒரே தடவையில் குலுக்காமல் இரண்டு படிகளாகப் பிரித்தது. இரண்டாவது, எல்லாம் எல்லோர் கண் முன்னாலும் நடந்தது. கீழே நான் சொல்லப்போகும் உருளைக்கு அடிப்படை இவ்விரண்டும்தான்.

640 குடும்பங்கள் உள்ள ஒரு சங்கம் என்று வைத்துக்கொள்வோம். 640 சீட்டுகளை ஒழுங்காகக் கலக்கப் பெரிய பீப்பாய் வேண்டும். அதற்குப் பதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 000 முதல் 639 வரை ஓர் எண் கொடுத்துவிடுங்கள். (000 வாங்கும் குடும்பம் கொஞ்சம் முகம் சுளிக்கலாம். எல்லா எண்ணுக்கும் வாய்ப்பு ஒன்றே என்று சொல்லிச் சமாதானப்படுத்துங்கள்.) பிறகு நூறு, பத்து, ஒன்று என மூன்று இலக்கங்களுக்கு மூன்று சிறிய அறைகள், அறைக்குப் பத்துப் பந்துகள். முப்பதே பந்துகளில் ஆயிரம் பேர் வரை ஆடலாம். கருவி முழுவதும் ஒரு தையல் மெஷின் மூடிக்குள் அடங்கிவிடும்.

சக்கரம் சுழற்றி முள் காட்டும் முறை எளிதாயிற்றே, அது ஏன் கூடாது என்று சிலர் கேட்பார்கள். சக்கரத்தில் ஒரு பக்கம் துளி எடை கூடினாலும் அந்தப் பக்கம் கீழே வந்து நிற்கும். முள் அதற்கேற்பவே காட்டும். ரயில் சக்கரத்தைச் சமநிலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். உருளையில் அப்படி அல்ல. உருளை எங்கே நின்றாலும் நமக்குக் கவலை இல்லை. எந்தப் பந்து விழுந்தது என்பதே விடை. எடை ஏற்றத்தாழ்வு கைப்பிடியைக் கனமாக்குமே தவிர, விடையை மாற்றாது.

இனி செய்முறை. 12 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு அறுகோணத் தட்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். 9 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, கவராயத்தை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே ஆறு தடவை வெட்டினால் அறுகோணம் கிடைத்துவிடும். பள்ளிப் பிள்ளைகளே செய்வார்கள். அதே அளவில் 3 மி.மீ. அக்ரிலிக்கில் இரண்டு தடுப்புத் தட்டுகள். அறை ஒன்றுக்கு 10.5 செ.மீ. நீளம் விட்டு இவற்றை நிறுத்தி, சுற்றிலும் 9 செ.மீ. அகலம், 34.5 செ.மீ. நீளமுள்ள ஆறு அக்ரிலிக் பட்டைகளைப் போர்த்த வேண்டும். பிளைவுட் ஓரத்தில் திருகாணி; திருகாணிக்கு முன்பே துளை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அக்ரிலிக் விரிசல் விடும். தடுப்புகளை ஒட்ட அக்ரிலிக் கடையிலேயே திரவம் தருவார்கள். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஒட்டுங்கள். அந்த நெடி நல்லதல்ல.

வட்ட உருளை ஏன் வேண்டாம் என்றால், வழுவழுப்பான வட்டத்துக்குள் பந்துகள் அடியிலேயே சறுக்கிக்கொண்டு கிடக்கும். அறுகோணத்தின் மூலைகள் அவற்றைத் தூக்கித் தூக்கிப் போடும். ஒரே நீளமான அறையாக வைக்காததற்கும் காரணம் உண்டு. கிடையாகச் சுழலும் எந்த உருளையிலும் மேலும் கீழும் கலப்பது விரைவாக நடக்கும். இடமிருந்து வலமாகக் கலப்பது மிகவும் மெதுவாக நடக்கும். அறை குட்டையாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஷாஃப்டை உருளையின் நடுவே குறுக்காக ஓடவிடாதீர்கள். அறுகோணத்தின் மையத்திலிருந்து பக்கத்துக்கு 7.8 செ.மீ.தான். 12 மி.மீ. கம்பி போட்டால் மிச்சம் 7.2. டேபிள் டென்னிஸ் பந்தின் விட்டம் 4 செ.மீ.; இரண்டு சேர்ந்தால் 8. கம்பிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு பந்துகள் முட்டிக்கொண்டு நின்றுவிடும். இரு முனைகளிலும் வெளிப்புறமாக மட்டும் குட்டை ஷாஃப்ட் போதும். பிளம்பிங் சாமான் கடையில் அரை அங்குல ஜி.ஐ. ஃபிளாஞ்சும் நிப்பிளும் வாங்கி பிளைவுட்டின் மேல் முடுக்கினால் வேலை முடிந்தது, வெல்டிங் தேவையில்லை. ஒரு பக்கம் எல்போ ஒன்று மாட்டி இன்னொரு நிப்பிள் சேர்த்தால் அதுவே கைப்பிடி. தாங்கலுக்கு, மேலே ‘வி’ வடிவில் வெட்டிய இரண்டு மரக்கட்டைகளும் கொஞ்சம் மெழுகும் போதும். பேரிங் எல்லாம் ஆடம்பரம்.

இப்போது முக்கியமான பாகம். ஆறு பட்டைகளில் ஒன்றில், ஒவ்வோர் அறைக்கும் நடுவில், 44 மி.மீ. சதுர ஓட்டை ஒன்று. அதன் வெளிப்புறத்தில் அதே அளவில், 40 மி.மீ. ஆழத்தில், கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டி ஒன்றை ஒட்டுங்கள். இதைச் சட்டைப் பை என்று வைத்துக்கொள்வோம். பை மேலே போகும்போது அதிலுள்ள பந்து உருளைக்குள் விழுந்துவிடும். கீழே வரும்போது ஒரு பந்து, ஒன்றே ஒன்று, பைக்குள் இறங்கும். அடுத்த பந்துக்கு அங்கே இடமில்லை. உருளை நின்றதும் மூன்று பைகளிலும் உள்ள பந்துகளின் எண்ணைப் படிக்க வேண்டியதுதான். பந்து வெளியே வருவதே இல்லை. யாரும் கைவிட வேண்டியதும் இல்லை. பந்து எப்படிப் புரண்டு கிடந்தாலும் தெரியும்படி, ஒவ்வொரு பந்திலும் அதன் எண்ணை ஆறு இடங்களில் எழுதுங்கள். 6-க்கும் 9-க்கும் அடிக்கோடு அவசியம்.

இன்னொரு வசதி: மூன்று பைகளும் ஒரே பட்டையில் இருப்பதால் அந்தப் பக்கம் கனம். கைப்பிடியையும் அதே திசையில் பொருத்திவிட்டால், கையை விட்டதும் உருளை தானாகவே பைகள் கீழே வரும்படி நின்றுகொள்ளும். சக்கரத்தில் குற்றமாக இருந்த எடை ஏற்றத்தாழ்வு இங்கே வேலைக்காரனாகிவிட்டது!

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேகமாகச் சுற்றினால் நன்றாகக் கலக்கும் என்று நினைக்காதீர்கள். பந்தின் மையம் அச்சிலிருந்து ஏறத்தாழ 5.8 செ.மீ. தூரத்தில் ஓடுகிறது. நிமிடத்துக்கு 124 சுற்றுக்கு மேல் போனால் மையவிலக்கு விசை புவியீர்ப்பை வென்றுவிடும். பந்துகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுழலும், கலக்கவே கலக்காது. சிமெண்ட் ஆலைகளில் குண்டு போட்டு அரைக்கும் உருளைகளுக்கும் இதே கணக்குத்தான். கையால் நிமிடத்துக்கு முப்பது நாற்பது சுற்று, மொத்தம் பன்னிரண்டு சுற்று, அது போதும். மோட்டார் வைக்கலாமா என்று கேட்கும் இளைஞர்களுக்கு என் பதில், வேண்டாம். கைப்பிடியைக் கூட்டத்திலிருந்து வரும் ஒரு குழந்தை சுற்றுவதில் உள்ள நம்பிக்கை, பொத்தானை அழுத்துவதில் வராது.

பந்துகளை வாங்கியதும் நகைக்கடைத் தராசில் எடை பாருங்கள். நல்ல பந்து 2.7 கிராம். எழுத மார்க்கர் பேனா மட்டும், பெயிண்ட் கூடாது. 1980 ஏப்ரல் 24-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில லாட்டரியில் 4, 6 தவிர மற்றப் பந்துகளுக்குள் வெள்ளை பெயிண்டை ஊசியால் ஏற்றிக் கனமாக்கிவிட்டார்கள். அங்கே காற்று ஊதிப் பந்தை மேலே எழுப்பும் கருவி. கனமான பந்துகள் எழும்பவில்லை, 666 வந்தது. செய்தவர்கள் பின்னர் பிடிபட்டார்கள். ஆகவே விழாவன்று பைகள் உள்ள பட்டையைத் திறந்து, பந்துகளைக் கூட்டத்தில் நாலு பேரிடம் கொடுத்து எண்ணிப் பார்க்கச் சொல்லி, மூடி, அதன் மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. 640 பேருக்கு நூறாம் இலக்கம் 0 முதல் 6 வரை போதும். ஆகவே முதல் அறையில் ஏழு பந்துகளே போடுங்கள். ஆனால் 6, 7, 2 என்று விழுந்தால் 672 என்று யாரும் இல்லையே? "6 இருக்கட்டும், பத்தாம் இலக்கத்தை மட்டும் மறுபடி சுற்றுவோம்" என்று மேடையில் யாராவது சொல்வார். கூடாது. அப்படிச் செய்தால் 600 முதல் 639 வரை உள்ள நாற்பது பேரும் ஏழில் ஒரு பங்கு வாய்ப்பைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள்; ஆளுக்கு 280-இல் ஒன்று. மற்றவர்களுக்கு 700-இல் ஒன்றுதான். அந்த நாற்பது பேருக்கு இரண்டரை மடங்கு சலுகை! மூன்று இலக்கங்களையும் தள்ளிவிட்டு முதலிலிருந்து சுற்றுவதே சரி. சராசரியாகப் பன்னிரண்டு சுற்றில் ஒன்றுதான் இப்படி வீணாகும். ஏற்கெனவே பரிசு பெற்ற எண் திரும்ப வந்தாலும் இதே விதி. முந்நூறு பேருக்குள் என்றால் முதல் அறையில் 0, 1, 2 என்ற எண்களை ஒவ்வொன்றும் மூன்று பந்துகளாகப் போடுங்கள். மூன்றே பந்துகள் இருந்தால் பை சில சமயம் காலியாக நிற்கும்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து, 200 தடவை சுற்றி எழுதச் சொல்லுங்கள். பத்துப் பந்துகள் உள்ள அறையில் ஒவ்வோர் எண்ணும் சராசரி 20 தடவை வர வேண்டும். உதாரணமாக 23, 17, 21, 14, 26, 19, 22, 18, 16, 24 என்று வந்தால், 20-லிருந்து உள்ள வித்தியாசங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 132. 20-ஆல் வகுத்தால் 6.6. இந்த விடை 16.9-க்குள் இருந்தால் கருவியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கல்லூரியில் புள்ளியியல் படித்த பிள்ளைகளுக்கு இது கை-வர்க்கச் சோதனை என்று தெரியும். கூடவே, முந்தின சுற்றில் வந்த எண்ணே அடுத்த சுற்றிலும் வந்தது எத்தனை தடவை என்று பாருங்கள். இருபதை ஒட்டி இருந்தால் சரி. நாற்பது ஐம்பது என்றால் பந்து பையிலேயே தங்கிவிடுகிறது. ஓட்டையின் ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள்.

கடைசியாக, சீட்டைக் காசுக்கு விற்காதீர்கள். விற்றால் அது லாட்டரி. அரசு அனுமதியில்லாத லாட்டரி முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 294ஏ பிரிவில் குற்றம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 297-ஆம் பிரிவில் குற்றம். வாசலில் வரவேற்கும்போதே குடும்பத்துக்கு ஓர் எண் இலவசமாகக் கொடுத்துவிடுங்கள். பரிசுப் பொருளுக்கு நன்கொடை தருபவர் தனியே தரட்டும். அவர் வீட்டு எண்ணும் மற்றவர்களுடையதைப் போலவே அந்தப் பட்டியலில் ஒன்றாக இருக்கட்டும்.